கவிதாவுக்கு நாலு மணி நேரம்

1

யாராவது “நாலு மணி நேரம்தானே” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். என் தங்கை கவிதா சிங்கப்பூரில் இருக்கிறாள். நான் டொராண்டோவில் இருக்கிறேன். அவள் அங்கே போய் ஒன்பது வருடமாகிறது. அந்த ஒன்பது வருடமும் நான் அவள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். இதை அம்மாவிடம் சொன்னதில்லை, கணவரிடம் பாதி சொல்லியிருக்கிறேன். கவிதாவிடம் சொல்லத் தேவையே இல்லை, அவளுக்கு முன்பே தெரியும் என்பது இந்தத் தை மாதம் ஊருக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினி சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் ஏதோ வரைபடப் பாடம்.

“அம்மா, நம்ம வீட்லேர்ந்து சென்னை பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். நிக்காம போனா பதினாறு மணி நேரம்னு போட்டிருக்கு.”

நிற்காமல் போகிற விமானம் எனக்குத் தெரிந்து கிடையாது. போனுக்கு அது தெரியாது. பருந்து பறக்கிற மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டு மணி சொல்லிவிடும்.

“சித்தி வீட்லேர்ந்து ரெண்டாயிரத்து தொள்ளாயிரம்தான். சித்தி ரொம்ப லக்கி.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்திவிட்டு இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். சித்தி லக்கி என்று அவளைவிட நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

2

வாசலிலிருந்து வாசல் வரை எனக்கு ஆகும் நேரத்தைச் சொல்கிறேன். ஸ்கார்பரோவில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். வளைகுடாவில் ஒரு ஊர் வரை பன்னிரண்டே முக்கால் மணி நேரம். அங்கே நாற்காலியில் ஏழு மணி நேரம், பாஸ்போர்ட் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. அங்கிருந்து சென்னை நாலரை மணி நேரம். அந்தக் கடைசித் துண்டு மட்டுமே கவிதாவின் மொத்த விமானப் பயணத்தைவிட நீளம். அப்புறம் பெட்டி, வரிசை, படப்பை நெரிசல், வாலாஜாபாத், கடைசியாக எங்கள் ஊர் ஐயம்பேட்டை.

கவிதா காலையில் அங்கே தன் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் எங்கள் வீட்டில் தோசைக்கு உட்காருவாள். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். திரும்பும்போது அம்மா தேங்காய்ச் சட்னி கொடுத்தனுப்புவாள். சட்னி! சிங்கப்பூரில் இறங்கும்போது அது புளித்திருக்கக்கூட இல்லையாம், போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவாள். எனக்கு ஊறுகாய்தான், அதுவும் நாலு பிளாஸ்டிக் உறை சுற்றி. பொங்கலுக்கு வருவாள், கருட சேவைக்கு வருவாள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றால் வருவாள். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய் நின்று, ஊரில் எந்தக் கடை எங்கே மாறியது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

பேச்சிலும் அவள்தான் ஊர்க்காரியாக இருக்கிறாள். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பதினான்கு வருடப் பழக்கத்தில் ‘ஆமாம்’ என்பதற்கு அவர்கள் சொல்கிற ‘ஓம்’ எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை அம்மா போனில் “சாப்ட்டியாடி?” என்று கேட்க, “ஓம்மா, சாப்பிட்டன்” என்று சொல்லிவிட்டேன். “இன்னாடி, அய்யரு மாதிரி ஓதிக்கினு இருக்க?” என்றாள் அம்மா. பின்னால் கவிதா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்போதும் அங்கேதான் இருந்தாள்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரியது ஒன்று உண்டு.

அப்பா ஐயம்பேட்டையில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். மூன்று வருடம் முன்பு ஒரு நாள் காலை கடையைத் திறந்து, முதல் மூட்டையைப் பிரித்தவர், அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. கவிதாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் போன் வந்தது. அவள் அடுத்த விமானத்தைப் பிடித்துப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அடுத்த நாள் இரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது. ஐஸ் பெட்டியில் வைத்திருங்கள் என்று அழுதேன். “நீ வர்றதுக்கு ரெண்டு மூணு நாளாவும். அதுவரைக்கும் வெச்சிக்கினு இருக்க முடியாதும்மா” என்று பெரியப்பா சொல்லிவிட்டார். கவிதாதான் போனை உயர்த்திப் பிடித்துக் காட்டினாள். படம் நின்று நின்று வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் மட்டும் இருந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. எத்தனை வருடம் போனாலும் இதை என்னால் சரி என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

3

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்த முதல் கல்யாணம் தம்பி பிரபுவுடையது. பெண் திவ்யா, தென்னேரிப் பக்கம். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம், செவிலிமேட்டில் மண்டபம்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். இரண்டு பேர் இருந்தால் மூத்தவளுக்கு முடிச்சு, இளையவளுக்குப் பின்னால் நின்று காமாட்சி விளக்குப் பிடிக்கிற வேலை. இதில் பஞ்சாயத்துக்கே இடமில்லை. மூத்தவள் நான். கவிதா எத்தனை முறை வந்து போயிருந்தாலும், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், இந்த ஒன்று என்னுடையது. நிச்சயம் செய்த செய்தி வந்த அன்றைக்கு யாழினியின் ஷூ கயிற்றில் இரண்டு தடவை முடிச்சுப் போட்டுப் பழகினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். விடுப்புப் படிவத்தில் காரணங்களுக்குக் கட்டங்கள் உண்டு. சொந்தக் கல்யாணம் உண்டு, பிள்ளைப்பேறு உண்டு, சாவு உண்டு. தம்பி கல்யாணம் இல்லை. “நீ மணப்பெண்ணா? மணப்பெண்ணின் தோழியா?” என்று மேலாளர் அம்மாள் கேட்டாள். இல்லை, ஆனால் நான் இல்லாவிட்டால் கல்யாணம் முழுசாக முடியாது என்றேன். அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘இதர காரணங்கள்’ என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

அம்மா எங்கள் இருவருக்கும் புடவை எடுத்தாள். சின்ன வயதிலிருந்தே எங்கள் சண்டை தெரிந்தவள். தெருக்கோடித் தறிக்காரரிடம் சொல்லி, ஒரே பாவில், நெடுக்கு நூல்கூட மாறாமல், இரண்டு புடவையாக நெய்து வாங்கிவிட்டாள். அரக்கு உடல், பச்சைக் கரை. “ஒரே பாவு, ஒரே ஜரிகை. வேணும்னா ரெண்டு பேரும் தராசுல வெச்சிப் பாத்துக்கங்கடி” என்றாள் போனில். வீடியோவில் பார்த்தபோது கவிதாவுடையதில் கரை ஒரு விரல் அகலமாக இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

இனிமேல் வருவது என் மடத்தனம். ஒளிக்காமல் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு, பிரபு மாடி எடுத்துக் கட்டிய விசேஷத்துக்கு நான் ஒரு வாரம் முன்பே போயிருந்தேன். முதல் நாள் வேனில் பதினொரு பேர் விமான நிலையத்துக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் நான் கறிவேப்பிலை வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். விசேஷத்தன்று காலையில் கவிதா வந்து இறங்கினாள். வீடே எழுந்து நின்றது. “கவிதா வந்துட்டா, கவிதா வந்துட்டா” என்று ஒரே சத்தம். நான் கையில் கறிவேப்பிலையோடு அடுப்படியில் நின்றேன்.

அதனால் இந்த முறை கடைசியாக வருவது நானாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கவிதா புதன்கிழமை வருகிறாள் என்று தெரிந்தது. செவ்வாய் இரவு டொராண்டோவில் ஏறினால் வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சென்னை. கவிதாவும் வேனில் ஏறி வந்து என்னை வரவேற்க வேண்டும், அன்று மாலை வரவேற்பில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொள்ள வேண்டும், மறுநாள் விடிந்ததும் முடிச்சு. கணவரால் வர முடியவில்லை, யாழினியும் நானும்தான். “பனிக்காலம், ரெண்டு நாள் முன்னாடியே போ” என்று அவர் பத்துத் தடவை சொன்னார். யாழினிக்குப் பரீட்சை என்றேன். பரீட்சை முந்தின வெள்ளியே முடிந்திருந்தது.

4

செவ்வாய் மத்தியானமே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. விமான நிலையத்துப் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராக முதலில் தாமதம் என்று வந்தது, பிறகு ரத்து என்று வந்தது. மறுநாள் அதே நேரத்து விமானத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சென்னை. முகூர்த்தம் ஏழரைக்கு முடிந்துவிடும். பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்து ஒன்றரை மணி நேரத்தில் கோட்டை விடப் போகிறேன்.

யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்குப் போலாம்மா” என்றாள். அவள் சொன்ன வீடு ஸ்கார்பரோ. எனக்கு அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன், அங்கே புதன் காலை. கவிதா எடுத்தாள். அவளுடைய ராத்திரி விமானம் சரியாகக் கிளம்பி, சரியாக வந்து சேர்ந்திருந்தது.

“வெள்ளிக்கிழமை காலைல ஒன்பதுக்குத்தான் எறங்குவேன்” என்றேன்.

“அய்யோ. முகூர்த்தம் முடிஞ்சிடுமேக்கா.”

“ம். முடிச்ச நீயே போட்டுடு.”

இதைச் சொன்னேனே தவிர, அவள் மறுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். ‘அது எப்படிக்கா, உன் முடிச்சு’ என்று ஒரு வார்த்தை. அழ வேண்டாம், கெஞ்ச வேண்டாம், ஒரு வார்த்தை போதும்.

“சரிக்கா. பத்திரமா வா” என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த ‘சரிக்கா’வை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். புதன் முழுக்க வீட்டில், வியாழன் முழுக்க ஆகாயத்தில். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அப்பாவின் முகம் அவளுக்கு, கருட சேவை அவளுக்கு, சட்னி அவளுக்கு, இப்போது முடிச்சும் அவளுக்கு. வளைகுடாவில் அந்த ஏழு மணி நேரமும் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். சின்ன வயதில் என் ரிப்பனை எடுத்தது வரைக்கும் வந்துவிட்டேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு நான் அரபிக் கடலின் மேல் இருந்தேன். முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை, அதில் ஒரு பொம்மை விமானம். சென்னைக்கு இன்னும் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் என்று காட்டியது. இப்போது கெட்டி மேளம் கொட்டுவார்கள். இப்போது பிரபு குனிவான். இப்போது கவிதா விளக்கை யாரிடமாவது கொடுத்துவிட்டு முன்னால் வருவாள். பக்கத்தில் யாழினி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு என்று எண் மாறியபோது திரையை அணைத்தேன்.

இறங்கிய பிறகும் விடவில்லை. கவிதாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவள் அந்த வரிசையில் போய்விடுவாள். யாழினியும் நானும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட், இன்னொரு வரிசை. யாழினியின் பாஸ்போர்ட் புதியது, அவளுடைய இந்திய வம்சாவளி அட்டையில் பழைய பாஸ்போர்ட்டின் எண். பழைய பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டேன் என்று சொல்லி, மேலதிகாரி வந்து, கேட்டு, எழுதி, முக்கால் மணி நேரம். “எந்த விலாசத்தில் தங்குவீர்கள்? யார் வீடு?” என்று கேட்டார் அதிகாரி. எங்கள் வீடு என்றேன். உரிமையாளர் பெயர் கேட்டார். அப்பா பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு திருத்தி அம்மா பெயரைச் சொன்னேன்.

அத்தனை கல்யாண வேலையிலும் பிரபுவின் நண்பர்கள் மூன்று பேர் வேனோடு வாசலில் காத்திருந்தார்கள்.

5

மண்டபத்தில் நுழையும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் பூக்காரர் மாலைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிந்துபோன கல்யாணத்தின் நடுவில் கம்பளிச் சட்டையோடு நின்றேன்.

கவிதா ஓடி வந்தாள். அரக்குப் புடவையில் அவள் அழகாகத்தான் இருந்தாள். “வந்துட்டியா! சீக்கிரம் மூஞ்சி கழுவிக்கினு புடவைய கட்டு. மண்டபத்த ரெண்டு மணிக்கு உட்டுடணுமாம்” என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

“எல்லாம் முடிஞ்சிப் போச்சே, இனிமே இன்னாத்துக்குப் புடவ?” என்றேன். ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது.

“எங்க முடிஞ்சுது? ஒண்ணு பாக்கி இருக்குது” என்றாள்.

பிரபு முதல் முடிச்சைப் போட்டிருந்தான். கவிதா இரண்டாவதைப் போட்டிருந்தாள். மூன்றாவதைப் போடவில்லை. பெரியப்பா குதித்திருக்கிறார், அபசகுனம் என்று இரண்டு மூன்று கிழவிகள் முணுமுணுத்திருக்கிறார்கள். அய்யர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை முடிச்சு விழுந்துட்டா கல்யாணம் ஆச்சு, மத்தது உங்க வீட்டு விஷயம்” என்று ஒதுங்கிக்கொண்டாராம். இரண்டு முடிச்சு விழுந்ததால் தாலி கழன்று விடாது. ஆனாலும் திவ்யா, பாவம், அந்தப் பெண் ஐந்து மணி நேரமாகப் பின்கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போட்டோக்களில் எல்லாம் அப்படியே இருக்கிறாள். ஒரு கையாலேயே சாப்பிட்டாளாம்.

புடவை கட்டிக்கொண்டு வந்தேன். திவ்யா தலையைக் குனிந்து, சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனிகளும் அவள் வியர்வையில் நனைந்திருந்தன. “மெதுவா போடுங்கண்ணி, அவசரம் இல்ல” என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஷூ கயிற்றில் பழகியது இங்கே உதவவில்லை. இரண்டாவது தடவைதான் முடிச்சு இறுகியது. பின்னால் கவிதா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேளக்காரர்கள் போய்விட்டார்கள், பந்தியிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் வரை ஊரே கவிதாவைப் பற்றித்தான் பேசியது. “இன்னா மனசு பாரு அந்தப் பொண்ணுக்கு. அக்காக்காரிக்காக நிறுத்தி வெச்சுதே.” சித்தப்பா முறை, அத்தை முறை, தீவனக் கடைக்கு எதிர்க்கடைக்காரர், எல்லோரும் என்னிடமே வந்து சொன்னார்கள். முடிச்சுப் போட்டவள் நான், பேர் அவளுக்கு. எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்த பிறகும் வயிறு எரிந்தது. இப்படியும் ஒரு ஜென்மம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

தனியாகச் சிக்கியபோது கேட்டேன். “போன்ல சரின்னியே? அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“அப்ப போடறதாதான் இருந்தேன். ரெண்டாவது முடிச்சு போடும்போதுதான் தோணுச்சு. இதயும் போட்டா நீ சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவியேன்னு உட்டுட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிக் காட்டியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து வந்தால் கவிதாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது.

“அவ கெளம்பிட்டா. பதினோரு மணிக்கு ஃப்ளைட்டாம். தாம்பரம் பஸ்ஸு புடிச்சிப் போயிடுவா” என்றாள் அம்மா, பால் காய்ச்சிக்கொண்டே.

“பஸ்ஸா? யாரும் கூடப் போவலயா?”

“எப்பவும் அப்படித்தான போவா. பக்கத்துலதான இருக்குது.”

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். நிறுத்தத்தில் அவள் தோள்பையோடு நின்றிருந்தாள், கையில் சட்னி டப்பா. பஸ் வந்துவிட்டது. நானும் ஏறினேன்.

“நீ எங்க வர்ற?” என்றாள்.

“சும்மா.”

பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன். உனக்கு என்னம்மா, நாலு மணி நேரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நாலு மணி நேரம்தானேன்னு மட்டும் சொல்லாதக்கா. அம்மாக்குக் கண்ணா, நாலு மணி நேரம்தான, வா. பட்டா மாத்தணுமா, வா. பிரபுக்குப் பொண்ணு பாக்கணுமா, ஒரு எட்டு வந்துட்டுப் போ. லீவு இல்லாம ரெண்டு எடத்துல வேலைய உட்டிருக்கேன், உனக்குத் தெரியுமா? கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும்போது யாழினிக்கு எப்ப லீவுன்னு உன்னக் கேட்டாங்க. என்ன யாரு கேட்டா? உனக்கு வேன் வருது. நான் எறங்கி பஸ்ஸு புடிக்கிறேன்.”

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன், அவளே தொடர்ந்தாள்.

“நீ வரும்போதெல்லாம் அப்பா ஏர்போர்ட்டுக்கு வருவாரு. நீ போனதுக்கு அப்புறம் இன்னா பண்ணுவாரு தெரியுமா? நீ எறங்கிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் சோறு துன்ன மாட்டாரு. ஒரு நாள் முழுக்க டீயக் குடிச்சிக்கினு கடையில உக்காந்திருப்பாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாக்கு ஆர்டரு.”

எனக்குத் தெரியாது. அப்பா இருந்த பதினோரு வருடத்தில் ஆறு தடவை வந்து போயிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. நான் இறங்கி, பெட்டி எடுத்து, வீட்டுக்குப் போய், குளித்து, சில சமயம் தூங்கி எழுந்துகூடப் போன் செய்திருக்கிறேன்.

“உனக்கும்...” என்று இழுத்தேன்.

“எனக்கா? நான் காலைல டிபன் துன்னுட்டு ஏறுவேன். அவரு கடைய சாத்திட்டு சோத்துக்கு வர்றதே மூணு மூணரைக்குத்தான், அதுக்குள்ள நான் எறங்கிடுவேன். எனக்காக அவரு பட்டினி இருந்தாரா, இல்லையான்னே தெரியாது. கேக்கவும் முடியாது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நீ அப்பா மூஞ்சியப் பாக்கலன்னு பொறாமப்படற. எனக்குத் தெரியும். எனக்கு இதுதான்.”

படப்பையில் பஸ் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. சட்னி டப்பாவை அவளிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் தடுப்புக் கம்பி வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் அங்கேயே நிற்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கையை ஆட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பன்னிரண்டு. ஒரு மணிக்கு அம்மா இலை போட்டாள். கல்யாண வீட்டு மிச்சக் காய்கறியில் சாம்பார், அப்பளம். யாழினி இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குக் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, வயிறு கத்தியது.

“வாடி, எம்மாம் நேரம் கூப்டுக்கினு இருக்கேன்.”

“கவிதா எறங்கட்டும்மா.”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சோற்றை மூடி வைத்தாள்.

யாழினியின் போனைக் கேட்டு வாங்கி, கவிதாவின் விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். கடல்மேல் பொம்மை விமானம். ஆயிரத்து நூறு கிலோமீட்டர். தொள்ளாயிரம். சாம்பார் வாசனை கூடத்தில் நின்றது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பொம்மை விமானம் அங்கேயே இருப்பது போலிருந்தது. மூன்றேகாலுக்குக் குடும்பக் குழுவில் கவிதா வழக்கமாகப் போடுகிற ஒரு வார்த்தையைப் போட்டாள். ‘எறங்கிட்டேன்.’

அதற்கு யாரும் பதில் போடுவதில்லை. நான் போட்டேன். ‘சரி. இப்பதான் சாப்பிட உக்கார்றேன்.’

‘மணி மூணு தாண்டிடுச்சே, இன்னுமா துன்னல?’ என்று கேட்டாள். ‘இல்ல’ என்றேன்.

அம்மா சாம்பாரைச் சூடு பண்ணி எடுத்து வந்து ஊற்றினாள். அப்புறம் போன் ஒளிர்ந்தது.

‘நாலு மணி நேரம்தானேக்கா.’

சோற்றைப் பிசைந்தேன்.